ஜாவா செயலியில் கிளவுட் கிளையன்ட் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சிறு நிறுவனங்களுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். லாஸ்பேட்டையில் ஒருவருக்கு வந்த சந்தேகம் திருப்பாதிரிப்புலியூரில் இன்னொருவருக்கும் வருகிறது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே பெரும்பாலோர் பயன்படுத்துவது அமேசானின் ஏடபிள்யூஎஸ் என்பதால், அதன் ஜாவா எஸ்டிகே (அந்தச் சேவைகளை ஜாவாவிலிருந்து அழைக்க உதவும் நூலகத் தொகுப்பு) 2-ஐ மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களும் அமைந்துள்ளன.

எடுத்துக்காட்டுக்கு ஒரே செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீனை எடைபோட்டுச் சீட்டு தரும் ஏலக் கடை ஒன்றின் செயலி அது. சீட்டின் பிடிஎஃப், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 சேவையின் பக்கெட்டுக்குப் போகிறது, கணக்கு டைனமோடிபி தரவுத்தளத்தில் ஏறுகிறது. செயலியின் ஒரு பகுதி கடைக் கணினியில் ஓடுகிறது. மற்றொரு பகுதி மும்பையில் உள்ள ஈசி2 (ஏடபிள்யூஎஸ் வாடகைக்குத் தரும்) சர்வரில் ஓடுகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் பல பதில்களில் வரும்.

கிளையன்ட் என்பது எது? அதை ஏன் இவ்வளவு அமைக்க வேண்டியிருக்கிறது?

உங்கள் நிரலுக்கும் கிளவுட் சேவைக்கும் நடுவே நிற்கும் ஜாவா ஆப்ஜெக்ட்தான் கிளையன்ட். "இந்தக் கோப்பை வை" என்று அதன் மெத்தடை அழைத்தால், அதை எச்டிடிபி கோரிக்கையாக்கி, உங்கள் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. வரும் பதிலை மறுபடியும் ஜாவா ஆப்ஜெக்டாக்கித் தருகிறது. அதற்கு நான்கு செய்திகள் தெரிந்தாக வேண்டும்: எந்த ரீஜியனுக்கு (சர்வர்கள் இருக்கும் வட்டாரத்துக்கு) போவது, யார் பெயரில் போவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல்வது.

பக்கம் பக்கமாக எழுதப்படும் அமைப்பெல்லாம் இந்த நான்கின் விரிவுதான். இவற்றில் பெரும்பகுதியை எஸ்டிகே தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அமைப்பு வரிகள் குறைவாக இருக்க வேண்டும், இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவருக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சார்ந்தவை.

குறைந்தபட்சம் எத்தனை வரி எழுதினால் ஒரு கிளையன்ட் கிடைக்கும்?

ஒரே வரி. எஸ்3 கிளையன்டின் "கிரியேட்" மெத்தடை எந்த மதிப்பும் தராமல் அழைத்தால் போதும். ரீஜியனையும் சாவியையும் எஸ்டிகே தனக்குத் தெரிந்த இடங்களில் தேடிக்கொள்ளும். காத்திருப்பு நேரத்துக்கும் மறுமுயற்சிக்கும் முன்னிருப்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். ஏதேனும் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மட்டும் "பில்டர்" வழியே போங்கள்.

புதிதாக ஒரு திட்டம் தொடங்குபவர்கள் இந்த ஒரு வரியிலிருந்தே தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்தோ நாற்பது வரி பில்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டால், அதில் எது தேவை, எது பழையது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) களஞ்சியம் தனியார்தானே? அணுகல் சாவியை நிரலிலேயே எழுதினால் என்ன?

எழுதாதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. தனியார் களஞ்சியம் நாளை பொதுவாகலாம். வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியில் அதன் நகல் இருக்கலாம். அழித்துவிட்ட வரியும் கிட் வரலாற்றில் அப்படியே கிடக்கும். சாவி ஒருமுறை உள்ளே போய்விட்டால், வரியை அழிப்பதால் பயனில்லை. அந்தச் சாவியையே செயலிழக்கச் செய்து புதிதாக எடுக்க வேண்டும்.

பாதுகாப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இது மோசமான பழக்கம். சாவியை நிரலில் எழுதியதும், நிரலுக்குத் தான் எங்கே ஓடுகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. கடைக்கு ஒரு பதிப்பு, சர்வருக்கு ஒரு பதிப்பு, உங்கள் மேசைக்கு ஒரு பதிப்பு என்று பிரியத் தொடங்குவது இங்கேதான். எங்கே ஓடினாலும் நிரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். சாவியை அந்தந்த இடம் தர வேண்டும்.

அப்படியானால் எஸ்டிகே சாவியை எங்கெங்கே தேடும்? எந்த வரிசையில்?

முதலில் ஜாவா சிஸ்டம் ப்ராபர்ட்டி (ஜாவாவைத் தொடங்கும்போது தரும் மதிப்பு). அடுத்து சூழல் மாறிகள் (இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்புகள்). பிறகு வெப் ஐடென்டிட்டி டோக்கன் (வேறொரு சேவை தரும் அடையாளச் சான்று); பல சர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஓடும் செயலிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. அதன் பின் உங்கள் ஹோம் அடைவில் ஏடபிள்யூஎஸ் பெயரில் உள்ள மறைவு அடைவின் ப்ரொஃபைல் கோப்புகள். அடுத்து கன்டெய்னர் (செயலியைத் தனி உறைக்குள் ஓட்டும் முறை) சேவை தரும் சாவி. கடைசியாக, ஈசி2 சர்வருக்கு ஒட்டப்பட்ட ரோல் (அனுமதிகளின் தொகுப்பு). எது முதலில் கிடைக்கிறதோ அதோடு தேடல் நின்றுவிடும்.

சூழல் மாறிகளின் பெயர்களைத் தட்டச்சும்போது முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் எழுத வேண்டும். சிறிய எழுத்தில் எழுதிவிட்டு லினக்ஸில் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் உண்டு.

என் கணினியில் சரியாக ஓடுகிறது, சர்வரில் போட்டால் அனுமதி இல்லை என்கிறது. ரோலையும் சரியாகக் கொடுத்துவிட்டேனே?

மேலே சொன்ன வரிசையை மறுபடி பாருங்கள். ரோல் கடைசியில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஏதோ ஓர் இடத்தில் பழைய சாவி கிடந்தால், எஸ்டிகே ரோல் வரை போகவே போகாது. சோதனைக்காக யாரோ சர்வரில் வைத்த சூழல் மாறி, அல்லது நிறுவியபோது உருவான ப்ரொஃபைல் கோப்பு, இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

ஊகிக்க வேண்டாம், கேட்டே தெரிந்துகொள்ளலாம். தற்காலிகச் சாவிகளைத் தரும் எஸ்டிஎஸ் சேவையில் "கெட் காலர் ஐடென்டிட்டி" என்று ஓர் அழைப்பு உண்டு. நீங்கள் இப்போது யாராகப் பேசுகிறீர்கள் என்பதை அது சொல்லும். அதை உங்கள் ஜாவா செயலிக்குள்ளிருந்தே அழையுங்கள். வெளியே டெர்மினலில் அழைத்தால் அங்குள்ள சூழல் வேறாக இருக்கக்கூடும். எதிர்பார்த்த ரோலின் பெயர் வராவிட்டால், வரிசையில் மேலிருந்து ஒவ்வோர் இடமாகப் பாருங்கள்.

ப்ரொஃபைல் கோப்பில் பெயர் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

இரண்டு கோப்புகள் உண்டு, அவற்றின் எழுத்து முறை வெவ்வேறு. "கிரெடென்ஷியல்ஸ்" கோப்பில் சதுர அடைப்புக்குள் பெயரை மட்டும் எழுத வேண்டும். "கான்ஃபிக்" கோப்பில் பெயருக்கு முன்னால் "ப்ரொஃபைல்" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். "டிஃபால்ட்" என்ற ப்ரொஃபைலுக்கு மட்டும் அது தேவையில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே நகலெடுப்பதால் வரும் பிழை இது. செயலி வேறொரு பயனர் கணக்கில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்; அவருடைய ஹோம் அடைவு வேறு.

ரீஜியன் எதைப் போடுவது? சென்னையில் இல்லையா?

ஏடபிள்யூஎஸ் இந்தியாவில் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் ரீஜியன் திறந்தது. மும்பையின் குறியீடு ஏபி-சவுத்-1, ஐதராபாத்துக்கு ஏபி-சவுத்-2. நம் ஊரிலிருந்து ஐதராபாத் பக்கம்தான். ஆனால் அந்த ரீஜியன் உங்கள் கணக்கில் தானாகத் திறந்திருக்காது. கணக்கு அமைப்புக்குப் போய் நீங்களே இயக்க வேண்டும். இது தெரியாமல் குறியீட்டை மட்டும் மாற்றினால் சாவி செல்லாது என்ற வகைப் பிழை வரும். சாவியில் ஒரு கோளாறும் இருக்காது. சென்னையில் ரீஜியன் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் அஷ்யூர். அதற்குத் "தென்னிந்தியா" என்று பெயர்.

ரீஜியனையும் நிரலில் எழுதாமல் சூழல் மாறியிலோ கான்ஃபிக் கோப்பிலோ வைக்கலாம். அதற்கும் ஒரு தேடல் வரிசை உண்டு: சிஸ்டம் ப்ராபர்ட்டி, சூழல் மாறி, ப்ரொஃபைல் கோப்பு, கடைசியில் ஈசி2-வின் மெட்டாடேட்டா (சர்வர் தன்னைப் பற்றிக் கேட்டறியும் தகவல்). கடைக் கணினியில் இவை எதுவும் இல்லாவிட்டால் கிளையன்டை உருவாக்கும்போதே நிரல் நின்றுவிடும். அது நல்லதுதான். தவறான ரீஜியனில் அமைதியாக எழுதிக்கொண்டிருப்பதைவிடத் தொடக்கத்திலேயே நிற்பது மேல்.

டைம்அவுட் என்று நான்கைந்து இருக்கின்றனவே, எது எதற்கு?

நான்கைப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது, இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் நேரம். எஸ்டிகே கோரிக்கைகளை அனுப்ப உள்ளே பயன்படுத்தும் வழக்கமான அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டில் முன்னிருப்பு 2 வினாடி. இரண்டாவது, இணைப்பு ஏற்பட்டபின் அடுத்த துண்டுத் தரவு வரக் காத்திருக்கும் சாக்கெட் டைம்அவுட், 30 வினாடி. இது மொத்தப் பதிவிறக்கத்துக்கான வரம்பு இல்லை. துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தால் அரைமணி நேரம்கூட ஓடும்.

மூன்றாவது, ஒரு முயற்சிக்கான வரம்பு. நான்காவது, மறுமுயற்சிகள் அனைத்தையும் சேர்த்து முழு அழைப்புக்கான வரம்பு. இந்தக் கடைசி இரண்டுக்கும் முன்னிருப்பு மதிப்பே கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் வரம்பில்லை. பலரும் இணைப்பு டைம்அவுட்டை மில்லி வினாடிக் கணக்கில் செதுக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு டைம்அவுட்டைத்தான் எழுதுவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், நான்காவதை எழுதுங்கள். முதுநகர்க் கடையில் எடைபோடுபவர் காத்திருப்பது முழு அழைப்புக்காகத்தான். அதற்குள் எத்தனை முயற்சி நடந்தது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

டிஃபால்ட்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறதாமே, அது இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளுமா?

பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். இதை இங்கே குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். முன்னிருப்பு மதிப்புகளை ஒவ்வொன்றாக நீங்கள் மாற்றுவதற்குப் பதிலாக, "என் செயலி இந்த மாதிரி இடத்தில் ஓடுகிறது" என்று ஒரு சொல்லில் தெரிவித்தால், அந்த இடத்துக்குப் பொருந்தும் மதிப்புகளை எஸ்டிகே மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. லெகசி, ஸ்டாண்டர்ட், இன்-ரீஜியன், கிராஸ்-ரீஜியன், மொபைல், ஆட்டோ என்று ஆறு மோடுகள். எதுவும் சொல்லாவிட்டால் லெகசி, அதாவது மேலே சொன்ன பழைய மதிப்புகள்.

இணைப்புக்கான நேரம் ஸ்டாண்டர்டிலும் கிராஸ்-ரீஜியனிலும் 3.1 வினாடி, இன்-ரீஜியனில் 1.1 வினாடி, மொபைலில் 30 வினாடி. டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) பேச்சுவார்த்தைக்கும் இதே அளவுகள். 3.1, 1.1 என்ற எண்கள் வினோதமாகத் தெரியலாம். லினக்ஸில் டிசிபி இணைப்பின் முதல் பாக்கெட் தொலைந்தால் 1 வினாடி கழித்து மறுபடி அனுப்பப்படும். அதுவும் தொலைந்தால் தொடக்கத்திலிருந்து 3 வினாடி ஆகும்போது மறுபடியும் போகும். 1.1 வினாடியில் ஒரு மறு அனுப்பலுக்கும், 3.1 வினாடியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அதே கணக்கில் 2 வினாடியைப் பாருங்கள்: ஒரு மறு அனுப்பலுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வினாடி வெறுமனே காத்திருப்பு.

மோடை பில்டரில் எழுதலாம். சிஸ்டம் ப்ராபர்ட்டியிலோ, சூழல் மாறியிலோ, ப்ரொஃபைல் கோப்பிலோ வைக்கலாம். நான் சூழல் மாறியைப் பரிந்துரைக்கிறேன். ஒரே நிரல் மும்பை சர்வரில் இன்-ரீஜியனாகவும் கடலூர்க் கடையில் ஸ்டாண்டர்டாகவும் ஓடும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறாது. மோடைத் தந்துவிட்டு ஏதேனும் ஒரு மதிப்பை நீங்களே பில்டரில் எழுதினால், அந்த ஒன்றில் மட்டும் நீங்கள் எழுதியதே செல்லும்.

நாங்கள் மும்பை பக்கெட்டைத்தான் பயன்படுத்துகிறோம். இன்-ரீஜியன் போடலாமா?

செயலி எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. மும்பை ஈசி2-விலிருந்து மும்பை எஸ்3-க்குப் பேசினால் இன்-ரீஜியன். கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள கணினியிலிருந்து பேசினால், பக்கெட் மும்பையில் இருந்தாலும் அது இன்-ரீஜியன் ஆகாது. நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரமும், தெருவோரக் கம்பத்தில் தொங்கும் கேபிளும் இருக்கின்றன. அங்கே ஸ்டாண்டர்ட் போடுங்கள்.

எங்கள் கடையில் இணையம் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது. மொபைல் மோட் போட்டால் சரியாகிவிடுமா?

மொபைல் மோட் இணைப்புக்கு 30 வினாடி வரை பொறுக்கும். மெதுவான வலைக்கு அது உதவும். அறுந்துபோன வலைக்கு உதவாது. எடைபோடும் இடத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் 30 வினாடி நின்றால் ஏலமே நின்றுவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மும்பை சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே மின்சாரமும் இணையமும் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்த டைம்அவுட் மதிப்பும் சீட்டைக் காப்பாற்றாது. சீட்டை முதலில் கடைக் கணினியிலேயே ஒரு சிறு தரவுத்தளத்தில் எழுதுங்கள், எஸ்க்யூலைட் போதும். தனி த்ரெட் ஒன்று பின்னணியில் அதை எடுத்து எஸ்3-க்கு அனுப்பட்டும், போய்ச் சேர்ந்ததும் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பின்னணி த்ரெட்டில் மொபைல் மோட் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே யாரும் நின்றுகொண்டு காத்திருக்கவில்லை. கடற்கரை ஊர்களுக்குச் செயலி எழுதுபவர்கள் இதை முதல் நாளிலேயே யோசித்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஆட்டோ என்று போட்டுவிட்டால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளாதா?

முயலும். சூழல் மாறிகளையும் ஈசி2 மெட்டாடேட்டாவையும் பார்த்து முடிவெடுக்கும், முடியாவிட்டால் ஸ்டாண்டர்ட். அந்தத் தேடலுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் நேரம் செலவாகலாம். உங்கள் செயலி எங்கே ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்போது அதை ஊகிக்க விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எஸ்டிகே பதிப்பை ஏற்றினால் இந்த மதிப்புகள் மாறிவிடுமா?

மாறலாம். நல்ல மதிப்பு கண்டறியப்பட்டால் மோடுக்குள் இருப்பவை புதுப்பிக்கப்படும் என்பதே அந்த ஏற்பாடு. ஆகவே பதிப்பை ஏற்றும்போது வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் தொழிலே ஒரு மதிப்பைச் சார்ந்திருந்தால் (முழு அழைப்புக்கான வரம்பு போல) அதை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள். எஸ்டிகேவின் எல்லாப் பகுதிகளும் ஒரே பதிப்பில் இருக்க மேவன் கட்டுமானக் கருவியில் பாம் (BOM, பதிப்பு எண்களின் பட்டியல்) கோப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்3 ஒரு பதிப்பு, டைனமோடிபி வேறு பதிப்பு என்று கலந்தால் விளங்காத பிழைகள் வரும்.

மறுமுயற்சி எத்தனை வைப்பது? நான் ஃபார் லூப் போட்டு மூன்று முறை முயல்கிறேன்.

அந்த லூப்பை எடுத்துவிடுங்கள். எஸ்டிகே ஏற்கெனவே மறுபடி முயல்கிறது. ஸ்டாண்டர்ட் மறுமுயற்சியில் முதல் முயற்சியோடு சேர்த்து மொத்தம் 3. பழைய லெகசியில் மொத்தம் 4, டைனமோடிபிக்கு அதைவிட அதிகம். உங்கள் லூப் மூன்று, உள்ளே மூன்று என்றால் ஒன்பது கோரிக்கைகள். சேவை ஏற்கெனவே திணறும் நேரத்தில் எல்லாச் செயலிகளும் இப்படி அடித்தால் திணறல் கூடும். எஸ்டிகே ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் குலுக்கலும் (தற்செயலான ஏற்ற இறக்கம்) சேர்த்து முயல்கிறது. தோல்விகள் தொடர்ந்தால் முயல்வதையே குறைத்துக்கொள்கிறது. இந்த அறிவு லூப்புக்குக் கிடையாது. அனுமதி இல்லை என்ற பிழைக்கு மறுபடி முயல்வதில் பொருளே இல்லை என்பதும் எஸ்டிகேவுக்குத் தெரியும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. மறுமுயற்சி நடந்தால் வேலை இருமுறை நடந்துவிடுமா? ஒரே பெயரில் பிடிஎஃபை எஸ்3-இல் இருமுறை வைத்தாலும் முடிவு ஒன்றுதான். டைனமோடிபியில் "நிலுவையோடு 500 கூட்டு" என்று எழுதியிருந்தால், முதல் கோரிக்கை நிறைவேறிப் பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தாலும் இரண்டாவது 500 ஏறிவிடும். சீட்டு எண்ணை நிபந்தனையாக வைத்து எழுதுங்கள், அல்லது ஒவ்வொரு சீட்டையும் தனி வரியாக எழுதிப் பிறகு கூட்டுங்கள். மீனவரின் கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தவறக் கூடாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய கிளையன்ட் உருவாக்கி மூடுகிறேன். அதுதானே சுத்தம்?

இல்லை. ஒரு சேவைக்கு ஒரு கிளையன்ட், செயலியின் ஆயுள் முழுவதும். கிளையன்டைப் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். உருவாக்கிய பின் அதன் அமைப்பு மாறாது. ஒவ்வொரு கிளையன்டும் தனக்கென இணைப்புத் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது, முன்னிருப்பில் 50 இணைப்புகள் வரை. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் டிசிபி, டிஎல்எஸ் பேச்சுவார்த்தைகள் மறுபடி மறுபடி நடக்கும். மூட மறந்தால் இணைப்புகள் தேங்கும்.

ஒரே கிளையன்ட்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் சில மணி நேரத்தில் தொகுப்பிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. 50-ஐ 500 ஆக்கட்டுமா?

ஆக்காதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள். எஸ்3-இலிருந்து கோப்பைப் படிக்கும்போது கைக்கு வருவது ஒரு ஸ்ட்ரீம். அதை முழுக்கப் படிக்காமலோ மூடாமலோ விட்டால் அந்த இணைப்பு தொகுப்புக்குத் திரும்பாது. தலைப்பு வரியை மட்டும் படித்துவிட்டு வெளியேறும் மெத்தட் ஒன்று எங்காவது இருக்கும். ஐம்பது முறை அது நடந்ததும் தொகுப்பு காலி. அடுத்த கோரிக்கை 10 வினாடி காத்திருந்து தோற்கும். 500 ஆக்கினால் அதே தோல்வி தாமதமாக வரும், அவ்வளவுதான். ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் ஸ்ட்ரீமைத் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லாம்டாவில் (அழைக்கும்போது மட்டும் நிரலை ஓட்டும் ஏடபிள்யூஎஸ் சேவை) முதல் அழைப்பு மிகவும் மெதுவாக இருக்கிறதே?

கிளையன்டை ஹேண்ட்லர் மெத்தடுக்கு வெளியே, ஸ்டாட்டிக் புலமாக உருவாக்குங்கள். அடுத்தடுத்த அழைப்புகளுக்கு அதுவே கைகொடுக்கும். சாவி லாம்டாவில் சூழல் மாறியில்தான் வருகிறது. அங்கிருந்து சாவியை எடுத்துத் தரும் கிளாஸை நேரடியாகக் குறிப்பிட்டால் தேடல் மிச்சம். அப்பாச்சிக்குப் பதிலாக ஜாவாவுடனேயே வரும் யூஆர்எல் கனெக்ஷனைச் சார்ந்த இலகுவான எச்டிடிபி கிளையன்டைப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்யும்போது அப்பாச்சியை டிபென்டென்சியிலிருந்து விலக்கிவிடுங்கள்; இரண்டும் கிளாஸ்பாத்தில் இருந்து, எது வேண்டும் என்று பில்டரில் சொல்லாவிட்டால், பல எச்டிடிபி கிளையன்ட்கள் இருப்பதாகச் சொல்லி எஸ்டிகேவின் சில பதிப்புகள் நின்றுவிடும்.

ஸ்பிரிங் பூட்டில் எப்படி வைப்பது?

கிளையன்டைத் திருப்பித் தரும் பீன் மெத்தட் ஒன்றை எழுதினால் போதும். ஸ்பிரிங்கில் பீன் முன்னிருப்பாகவே ஒற்றை ஆப்ஜெக்ட் என்பதால் மேலே சொன்ன "ஒரு சேவைக்கு ஒரு கிளையன்ட்" தானாக அமைந்துவிடும். செயலி நிற்கும்போது ஸ்பிரிங்கே அதை மூடிவிடும். ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ் 3 பதிப்பைச் சேர்த்தால் அந்த மெத்தடும் தேவையில்லை. இரண்டு மூன்று சேவைகள்தான் என்றால் நானாக இருந்தால் பீனை நானே எழுதுவேன். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும்.

கல்லூரியில் படித்த உதாரணங்கள் எல்லாம் பழைய எஸ்டிகே. அப்படியே பயன்படுத்தலாமா?

முதல் பதிப்பு 2024 ஜூலை 31-இல் பராமரிப்பு நிலைக்குப் போய், 2025 டிசம்பர் 31-உடன் ஆதரவை இழந்துவிட்டது. புதிய வேலையை அதில் தொடங்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய செயலியை ஒரே இரவில் மாற்ற வேண்டியதில்லை. இரண்டின் பேக்கேஜ் பெயர்களும் வெவ்வேறு என்பதால் ஒரே செயலியில் இரண்டையும் வைத்து, ஒவ்வொரு சேவையாக மாற்றலாம்.

இதே சிந்தனை அஷ்யூருக்கும் கூகுளுக்கும் பொருந்துமா?

பொருந்தும். அஷ்யூரின் ஜாவா நூலகத்தில் "டிஃபால்ட் அஷ்யூர் கிரெடென்ஷியல்" என்ற கிளாஸ் சாவியை வரிசையாகத் தேடுகிறது. கூகுளில் "அப்ளிகேஷன் டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ்" அதே வேலையைச் செய்கிறது. தேடும் இடங்களும் வரிசையும் மாறும்.

ஈசி2-வில் நேராக ஓடுகிறது. அதே சர்வரில் டாக்கர் கன்டெய்னருக்குள் போட்டால் சாவி கிடைக்கவில்லை. ரோல் அதேதானே?

ரோல் அதேதான், அதை எடுக்கும் வழியில் ஒரு தாவல் கூடிவிட்டது. மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பு தரும் டோக்கன் பதிலுக்கு ஒரு ஹாப் வரம்பு (எத்தனை தாவல் வரை போகலாம் என்பது) உண்டு. அது 1 என்று இருந்தால் டாக்கரின் உள்வலையைத் தாண்டி வராது. அந்த சர்வரின் மெட்டாடேட்டா அமைப்பில் வரம்பை 2 ஆக்குங்கள். ஜாவா நிரலில் எதைத் திருத்தியும் பயனில்லை. சாவியைச் சூழல் மாறியில் வைத்துச் சமாளிக்கவும் வேண்டாம்.

கடைக் கணினியில் மட்டும் மின்வெட்டுக்குப் பிறகு டிஎல்எஸ் பிழை வருகிறது. மற்ற கணினிகளில் இல்லை.

அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். ஏடபிள்யூஎஸ் கோரிக்கைகளின் கையொப்பத்தில் நேரமும் அடங்கும். சில நிமிடப் பிசகு என்றால் சர்வர் தந்த நேரத்தைப் பார்த்து எஸ்டிகே தானே சரிசெய்துகொண்டு மறுபடி முயலும். ஆண்டுக் கணக்கில் பிசகினால் அந்தக் கட்டத்துக்கே போகாது: சர்வரின் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று ஜாவா நினைத்து இணைப்பையே மறுத்துவிடும். பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு ஒத்திசைக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்திவைக்கும் நிரல் துண்டுகள் வலையில் கிடைக்கும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, கிளையன்ட் உண்மையில் என்ன செய்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

எஸ்டிகே தன் பதிவுகளை எஸ்எல்எஃப்4ஜே வழியே எழுதுகிறது. அதன் "ரிக்வெஸ்ட்" லாகரை டீபக் நிலைக்குக் கொண்டுவந்தால், அனுப்பிய கோரிக்கைகளும் சேவை திருப்பித் தந்த கோரிக்கை எண்ணும் தெரியும். ஏடபிள்யூஎஸ் ஆதரவுக் குழுவிடம் பேச நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அப்பாச்சியின் "வயர்" லாகர் இன்னும் ஆழமாகப் போய் ஒவ்வொரு பைட்டையும் காட்டும். சீட்டில் உள்ள பெயரும் தொகையும்கூட லாக் கோப்பில் ஏறிவிடும் என்பதால் உங்கள் மேசைக் கணினியில் மட்டும் அதைத் திறந்து, பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள்.